அலையில் ஸ்டாண்ட்-அப் ஸ்கீ (நின்னு ஓட்டற ஜெட் ஸ்கீ): மறக்க முடியாத ஒரு தடவையைச் சொல்லுங்க

உப்புக்காத்து:
கலிஃபோர்னியா, பிஸ்மோ பீச். 99 மாடல் யமஹா சூப்பர்ஜெட், 701 சிசி. 40:1 ப்ரீமிக்ஸ் (பெட்ரோல்லயே ஆயில் கலந்தது), உள்ளே சேர்ற தண்ணியை வெளியேத்த ரெண்டு 500 பில்ஜ் பம்ப், பம்ப் ரெண்டும் நானே போட்டது. இஞ்சினை மூடற ஹூடுக்கு மட்டும் கூடுதல் பட்டை போடலை. தலைக்கு மேல எழுந்த அலை நேரா மூக்குல உடைஞ்சது. ஹூட் ஓரம் ஒரு விரல்கடை தூக்கிச்சு, அந்த இடுக்குல வெள்ளை நுரை உள்ளே இறங்கறதைப் பார்த்தேன். இஞ்சின் ஒரு தடவை இருமிட்டு நின்னுபோச்சு.

கரைக்கு இழுத்துட்டு வந்து ரெண்டு பிளக்கையும் கழட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினா, ஓட்டை வழியா உப்புத்தண்ணி நெஞ்சு உயரத்துக்குப் பீச்சியடிக்குது. வெறும் காத்து வர்ற வரைக்கும் கை நடுங்கிட்டே இருந்தது. வண்டி பிழைச்சிடுச்சு. அந்த இடுக்குதான் இன்னும் கண்ணுல நிக்குது.

நெய்தல்:
ஆஸ்திரேலியா, கோல்ட் கோஸ்டை ஒட்டின டுரன்பா. எனக்குத் தண்ணியால வந்த வினை இல்ல, கால். காலைப் பிடிச்சு வைக்கற ஃபுட்ஹோல்டு இல்லாமலே அலை முகட்டுல எகிறினேன். ஸ்கீ தனியா, நான் தனியா. இறங்கும்போது ஹேண்டில் இருக்கற கம்பம் (pole) எதிரே வந்து தாடையில. வாயெல்லாம் ரத்தமும் மணலும். அடுத்த வாரமே நிக்கற ட்ரேயைத் தேய்ச்சு எப்பாக்ஸி வச்சு ஃபுட்ஹோல்டு ஒட்டினேன்.

உப்புக்காத்து அண்ணா, ரெண்டு பம்பை நம்பி அலைக்குப் போனது தப்பு. 500ன்னா மணிக்கு 500 கேலன், நிமிஷத்துக்கு 31 லிட்டர். ஹோஸ் மேலே ஏறினா அதுவும் கிடைக்காது. ஹூட் திறந்தா அலை அதை ஒரே மூச்சுல கொட்டிடும்.

பழைய 701:
பம்பைக் குறை சொல்லாதீங்க தம்பி. கசிவுக்குப் பம்ப், அலைக்கு ஹூட் சீலும் பட்டையும். ரெண்டுமே வேணும்.

என் கதை சின்னது. 96க்கு முந்தின சதுர மூக்கு சூப்பர்ஜெட் வாங்கினேன். 130 கிலோ சொச்சம் இருக்க வேண்டிய வண்டியை ரெண்டு பேர் அசைக்க முடியலை. உள்ளே மிதக்கறதுக்கு வச்சிருக்கற ஃபோமை விரலால அழுத்தினா பஞ்சு மாதிரி தண்ணி கசியுது. அந்தக் கனத்தோட எந்த அலையில எகிறுவீங்க? முதல்ல எடை போடுங்க. ஊறின ஃபோமை வெட்டி எடுங்க, ஆனா அந்த இடத்தைக் காலியா விடாதீங்க. ஹல்லுல (வண்டியோட உடம்புல) தண்ணி நிறைஞ்சா மிதக்க வைக்கறது ஃபோம்தான். தண்ணியைத் தள்ளற இம்பெல்லரோட பிட்சை (இதழ் சாய்வை) குறைங்க, நமக்கு வேண்டியது டாப் ஸ்பீடு இல்ல, நுரைத் தண்ணியிலயும் உடனே பிடிக்கற இழுவை. இன்னொண்ணு, பிளக்கைக் கழட்டிட்டு ஸ்டார்ட்டர் அடிக்கும்போது ரெண்டு பிளக் வயரையும் எர்த் பண்ணுங்க. பீச்சற ப்ரீமிக்ஸ்ல ஒரு பொறி பட்டா தீப்பிடிக்கும்.

உப்புக்காத்து:
அய்யா, அன்னிக்கு நான் எர்த் பண்ணலை. வயர் ரெண்டும் ஹல்லுக்குள்ள தொங்கிட்டுத்தான் இருந்துச்சு. முகமும் அந்த ஓட்டைக்கு நேரா.