கரவனின் வெற்று நிறையை எப்படிக் கணக்கிடுவது?

பரந்தன்காரன்:
வணக்கம். நான் பரந்தனில், உழவு இயந்திரத்தின் பின்னால் கொளுவி இழுக்கும் பெட்டிகளுக்கு ஒட்டுவேலை செய்பவன். இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனர், காரின் பின்னால் கொளுவி இழுக்கும் பழைய கரவன் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் கைநூலில் ஓட்டநிலை நிறை 1,180 கிலோ என்றும், கதவருகே உள்ள தகட்டில் உச்ச நிறை 1,330 கிலோ என்றும் இருப்பதைப் படமெடுத்து அனுப்பி, "பெட்டி விஷயம் உமக்குத்தானே தெரியும்" என்று கேட்கிறார். எங்கள் பெட்டிக்கு வெற்று நிறை என்றால் இரும்பும் பலகையும் சில்லும்தான். கட்டிலும் அடுப்பும் உள்ளேயே பூட்டியிருக்கும் வண்டியில் எதை வெற்று என்று கொள்வது?

முல்லைக்கரை:
அண்ணா, நானும் இங்கிலாந்தில் கரவன் வைத்திருக்கிறேன். தொழிற்சாலையில் பூட்டிய கட்டில், அடுப்பு எல்லாம் அந்த 1,180இல் அடக்கம். சில நிறுவனங்கள் கொஞ்சம் வாயுவையும் நீரையும்கூடச் சேர்த்தே கணக்கிடுவதால், எவை சேர்ந்தன என்பதைக் கைநூலில் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலுள்ள 150 கிலோதான் ஏற்றக்கூடிய பாரம். நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு நெல் மூட்டை. ஆனால் கரவனைத் தள்ளி நிறுத்தப் பின்னர் பூட்டும் மோட்டருக்கு 30 கிலோவுக்கு மேல், அதற்கான பற்றரிக்கு 20 கிலோ அளவில் போய்விடும். 40 லீற்றர் நீர் நிரப்பினால் அதுவே 40 கிலோ. பழைய உரிமையாளர் என்னென்ன பூட்டினார் என்பது எந்தத் தகட்டிலும் இராது. ஆகவே தரைத் தராசில் நிறுப்பதே வழி. அப்போது காரைக் கழற்றிவிட வேண்டும். கொளுவியபடியே சில்லுகளை மட்டும் ஏற்றினால், மூக்குப் பாரம், அதாவது கரவனின் முன்முனை கொளுவியில் அழுத்தும் பாரம், காரின்மேல் நிற்க, தராசு குறைத்துக் காட்டும்.

காரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றிய கரவன் காரின் நிறையில் 85 வீதத்தைத் தாண்டாதிருப்பது நல்லது என்பது அங்குள்ள பரிந்துரை, சட்டமல்ல. 1,330 கிலோவுக்கு, கார் ஏறக்குறைய 1,565 கிலோவாவது இருக்க வேண்டும்.

ஒட்டுசுட்டான் உழவன்:
மூக்குப் பாரம் என்றதும் என் பெட்டி நினைவுக்கு வந்தது. மூட்டைகளைப் பின்பக்கமாக அடுக்கிய ஒரு நாள், கொளுவி மேலே எழும்பி, மெசினின் பின்சில்லு மண்ணைப் பிடிக்காமல் சுழன்றது. மொத்த நிறை சரியாக இருந்தும் அடுக்கியது பிழை. கரவனுக்கும் அப்படித்தானா?

முல்லைக்கரை:
அப்படியேதான், வேகமாக ஓடும்போது கரவன் பாம்புபோல் நெளியவும் தொடங்கும். ஏற்றிய நிறையில் 5 முதல் 7 வீதம் கொளுவியில் அழுந்த வேண்டும் என்பார்கள். இங்கே அது 67 முதல் 93 கிலோ வரை. ஆனால் காரின் கொளுவிக்குக் குறித்த எல்லை அதைவிடக் குறைவானால் அந்த எல்லையே கணக்கு. கனமானவற்றை அச்சுக்கு மேலே, தரையோடு தாழ வைக்கச் சொல்லுங்கள்.

பரந்தன்காரன்:
நன்றி தம்பி. இன்று காரைக் கழற்றி, நீரும் சாமானும் இல்லாமல் நிறுத்திருக்கிறார்: 1,236 கிலோ. மிச்சம் 94. வெளிக்கூடாரத்தைக் காரில் ஏற்றும்படி சொல்லிவிட்டேன்.