உதவி தேவை: இந்த வட்டப் பாகம் எந்தக் கிட்டில் வரும்? (அவசரம்)

ஒட்டுப்பசை | வெள்ளி, இரவு 11:42
எல்லாருக்கும் வணக்கம். சினிமாவில் வந்த ஒரு விண்வெளிக் கப்பலின் மாதிரியைக் கட்டுகிறேன். அசலில் பிளாஸ்டிக் மாடல் கிட்களின் பாகங்களைத்தான் ஒட்டியிருந்தார்கள். போட்டோவில் இருக்கிற வட்டமான பாகம் எந்தக் கிட்டில் வரும்? கூரியரில் உடைந்து பாதிதான் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயின்ட் அடித்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள், ப்ளீஸ்.

தண்டவாளம் | இரவு 11:50
லியோபோல்ட். ஹசேகவா கம்பெனியின் 1/72 (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு அளவு) ரயில் பீரங்கி. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

நாலாம்கியர் | இரவு 11:58
எனக்கு கார் பிரேக் தட்டு மாதிரி தெரிகிறது. டமியா கம்பெனியின் 1/12 ஃபெராரி 312பி ரேஸ் கார் கிட் பாருங்கள். ஸ்டார் வார்ஸ் படத்துக் கப்பலான ஃபால்கனில் அந்தக் காரின் எஞ்சின் பாகங்கள் இருப்பது ஊரறிந்த விஷயம். ஆமாம், இது ஃபால்கன்தானா? நீங்கள் சொல்லவே இல்லையே.

அரைமில்லி | சனி, காலை 6:15
எந்தக் கப்பல்? விட்டம் எவ்வளவு? பிளாஸ்டிக்கா, அச்சில் ஊற்றி உறைய வைத்த ரெசின் வார்ப்பா? பின்பக்கம் எப்படி இருக்கிறது? படத்தில் தெரிவது உங்கள் போர்வையில் இருக்கும் பூதான். அந்தப் பூ எத்தனை மில்லிமீட்டர் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஸ்ப்ரூசாமி | காலை 7:02
அளவுகோல் வைக்காமல் எடுத்த படத்துக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. தம்பி புதியவர் போலிருக்கிறது, அதனால் இந்த ஒருமுறை சொல்கிறேன். “வட்டமான பாகம்” என்பது அடையாளம் ஆகாது. ஒரு டாங்கி கிட்டைத் திறந்தாலே நாற்பது வட்டங்கள் கிடக்கும்.

ஒட்டுப்பசை | காலை 9:30
சாரி, சொல்ல மறந்துவிட்டேன். ஃபால்கன்தான். 2 செ.மீ. இருக்கும்.

ஸ்ப்ரூசாமி | காலை 9:41
ஃபால்கன் என்றால் எது? முதல் படத்துக்காக, 1977க்கு முன் கலிபோர்னியாவின் வான் நைஸ் கிடங்கில் கட்டிய ஐந்தடி மாதிரியா? 1980இல் வந்த இரண்டாம் படத்துக்குச் செய்த 32 அங்குல மாதிரியா? பெரியதைக் கேமரா முன் திருப்புவது பெரும்பாடு என்றுதான் சின்னதைச் செய்தார்கள். தூரத்திலிருந்து ஒன்றுபோல இருக்கும். கிட்டே போனால் ஒட்டியிருக்கிற பாகங்கள் வேறு வேறு. இது தெரியாமல் கிட் தேடுவது கதவு எண் தெரியாமல் தெருவில் நின்று கூப்பிடுகிற கதை.

ஒட்டுப்பசை | காலை 9:55
32 அங்குலம். வெளிநாட்டில் ஒருவரிடம் ரெசின் செட்டாக வாங்கினேன். எந்தப் பாகம் எந்தக் கிட் என்று பட்டியல் எதுவும் வரவில்லை. கேட்டால் பதிலும் இல்லை.

தண்டவாளம் | காலை 10:04
32 அங்குலம் என்றால் கண்டிப்பாக லியோபோல்ட்.

அரைமில்லி | காலை 10:20
தண்டவாளம் அண்ணே, ரயில் சக்கரம் என்றால் ஓரத்தில் விளிம்பு நீட்டிக்கொண்டு இருக்க வேண்டாமா? இதில் அது இல்லை. விளிம்பைச் சுற்றிப் பொட்டு வைத்த மாதிரி போல்ட் தலைகள் தெரிகின்றன. ரயில் சக்கரத்தின் விளிம்பில் போல்ட் எதற்கு? இது ரப்பர் டயர் மாட்டிய டாங்கிச் சக்கரம். இரும்பு வளையத்தைச் சக்கரத்தோடு சேர்த்து முறுக்கத்தான் அந்த போல்ட்கள்.

ஒட்டுப்பசை, “2 செ.மீ. இருக்கும்” என்ற கணக்கெல்லாம் வேண்டாம். வெர்னியர் வைத்து அளந்து சொல்லுங்கள். ஸ்கேல் போதாது.

நாலாம்கியர் | காலை 10:31
போல்ட் இருப்பதை நான் கவனிக்கவில்லை. ஃபெராரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முப்பரிமாணி | காலை 10:48
இதற்கு ஏன் இத்தனை பேச்சு? பாதி இருக்கிறது அல்லவா, ஸ்கேன் செய்து கண்ணாடி பிம்பம் எடுத்து 3டி பிரின்டரில் அச்சடித்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை. பழைய கிட் தேடுவதெல்லாம் போன தலைமுறைப் பழக்கம்.

பழையபெட்டி | காலை 11:10
அச்சடிக்கலாம். சக்கரத்தின் மேல் படிக்கட்டுப் படிக்கட்டாகக் கோடு விழும். அதை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தால் போல்ட்டும் சேர்ந்து போய்விடும். இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா?

முப்பரிமாணி | காலை 11:15
ரெசின் பிரின்டரில் எங்கே கோடு விழுகிறது? நீங்கள் கடைசியாக எப்போது பிரின்டர் பார்த்தீர்கள்?

ஒட்டுப்பசை | பகல் 12:40
கீழ்வீட்டு லேத் பட்டறை அண்ணனிடம் வெர்னியர் வாங்கி அளந்தேன். 17.5 மி.மீ. நடுவில் துளை இருக்கிறது, மூடி இல்லை. போல்ட் ஒன்பது.

அரைமில்லி | பகல் 1:05
இப்போதுதான் கணக்குப் போட முடிகிறது. ஜெர்மன் பான்தர் டாங்கியின் சக்கரம் நிஜத்தில் 860 மி.மீ. விட்டம். 1/35இல் அது 24.6. உங்களுடையதை எப்படி இழுத்தாலும் அவ்வளவு வராது. 1/48இல் 17.9. கிட்டத்தட்ட வந்துவிட்டது. ரெசின் உறையும்போது கொஞ்சம் சுருங்கும். வார்ப்பிலிருந்து மறுபடி அச்செடுத்து வார்த்தால் இன்னொரு முறை சுருங்கும். உங்களுக்கு வந்தது நகலின் நகல் என்றால் 17.5 சரியாகப் பொருந்துகிறது.

டைகர் சக்கரம் 800. 1/48இல் 16.7தான் வரும். ரஷ்ய டி-34 சக்கரம் 830, அதாவது 17.3. வார்ப்பு சுருங்கும், வளராது. 17.3ஆக இருந்தது 17.5 ஆக வழி இல்லை. அதனால் என் ஓட்டு 1/48 பான்தருக்கு.

ஒன்றுதான் இடிக்கிறது. பாதியில் ஒன்பது போல்ட் என்றால் முழுதில் பதினெட்டு. பான்தரில் முதலில் வந்த சக்கரங்களுக்கு 16, பிற்பாடு வந்தவற்றுக்கு 24. பதினெட்டு கிடையாது. சரியாக விட்டத்துக்கு ஒரு பக்கம் மட்டும் எண்ணினீர்களா?

ஒட்டுப்பசை | பகல் 1:20
ஒரு பக்கம்தான். மூன்று தடவை எண்ணினேன். ஒன்பது.

ஸ்ப்ரூசாமி | பகல் 1:44
லென்ஸ் வைத்துப் பாருங்கள் தம்பி. எட்டு தலைகள் தட்டையாக, ஒரே வட்டத்தில் இருக்கும். ஒன்று மட்டும் உருண்டையாகக் கொஞ்சம் விலகி நிற்கும். சிலிகான் அச்சில் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் அந்தப் பள்ளத்தில் ரெசின் இறங்கிக் கடுகு மாதிரி முளைத்துவிடும். வார்ப்பு வாங்குகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அதை போல்ட் என்று எண்ணியிருப்பார்கள். நான் உட்பட.

ஒட்டுப்பசை | பகல் 2:02
ஐயோ, ஆமாம் சார். ஒன்று உருண்டைதான். நகத்தால் கிள்ளினேன், வந்துவிட்டது.

அரைமில்லி | பகல் 2:06
எட்டு. முழுதில் 16. முடிந்தது.

நாலாம்கியர் | பகல் 2:15
ஒரு சந்தேகம். விண்வெளிக் கப்பலுக்கு எதற்கு இத்தனை ஜெர்மன் டாங்கி?

ஸ்ப்ரூசாமி | பகல் 2:50
இதற்கு ஸ்டார் வார்ஸுக்கு முன்னால் போக வேண்டும். 1968இல் வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்தின் டிஸ்கவரி கப்பலுக்கு 54 அடி நீளத்தில் மாதிரி கட்டினார்கள். அதன் முதுகெல்லாம் கிட் பாகங்கள். அந்தப் படத்தில் வேலை செய்த டக்ளஸ் டிரம்புல் 1972இல் வெளிவந்த சைலண்ட் ரன்னிங் படத்தை எடுத்தபோது டாங்கி கிட்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரித்து ஒட்டினார். அங்கே கூட இருந்தவர் ஜான் டைக்ஸ்ட்ரா. அவர்தான் பிறகு ஸ்டார் வார்ஸின் தந்திரக்காட்சிப் பிரிவுக்குத் தலைவர். கையோடு பழக்கமும் வந்துவிட்டது.

டாங்கி ஏன் என்றால், நுணுக்கம். ஒரு விரற்கடைக்குள் பத்துப் பொருள் இருக்கும்: மூடி, கொக்கி, தகடு, திருகு. வெற்றுத் தகட்டில் அதை ஒட்டினால் கப்பல் பெரிதாகிவிடும். அதுவே பிரபலமான பாகம் என்றால் ஆபத்து. பார்க்கிறவனுக்கு டாங்கி ஞாபகம் வந்துவிட்டால் கப்பல் போயிற்று. அதனால்தான் கவிழ்த்து, வெட்டி, பாதி புதைத்து ஒட்டினார்கள். நாம் இன்று உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம்.

தண்டவாளம் | மாலை 3:05
லியோபோல்ட்டையும் ஒட்டினார்கள். அதையும் சொல்லுங்கள்.

ஸ்ப்ரூசாமி | மாலை 3:06
ஒட்டினார்கள். இங்கே இல்லை.

அரைமில்லி | மாலை 3:30
சரி, விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் 1/48 டாங்கி என்றால் பண்டாய், அரோரா என்று சில கம்பெனிகள்தான். ஸ்டார் வார்ஸ் மாதிரிப் பட்டறையில் பண்டாய் நிறையவே புழங்கியது. 70களின் பெட்டி இன்று கிடைத்தாலும் விலை கேட்டால் மயக்கம் வரும். டமியாவின் இப்போதைய 1/48 பான்தர் கடையில் கிடைக்கும்.

ஸ்ப்ரூசாமி | மாலை 3:38
டமியாவின் அந்த வரிசை 2000களில் வந்தது. படம் 1980. வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளுங்கள், “அசல்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முப்பரிமாணி | மாலை 3:45
ரெசின் நகலின் நகலை ஒட்டலாம், அச்சடித்ததை ஒட்டக்கூடாது. நல்ல நியாயம்.

பழையபெட்டி | மாலை 4:10
எனக்கு வருத்தமெல்லாம் வேறு. ஐம்பது வருடம் பிரிக்காமல் இருந்த பெட்டியை ஒரு சக்கரத்துக்காகக் கிழிக்கிறீர்களே, அதற்கு மனசு எப்படி வருகிறது? மிச்ச டாங்கியைக் குப்பையில் போடுவீர்கள். அந்தப் பெட்டியின் மேல் இருக்கும் ஓவியம் ஒன்றுக்காகவே நான் வைத்துக்கொள்வேன்.

நாலாம்கியர் | மாலை 4:18
கட்டாமல் அலமாரியில் வைத்துச் சாகிற கிட்டைவிட கப்பலில் ஒட்டிய கிட் மேல் இல்லையா? அது செய்யத்தானே விற்றார்கள்?

பழையபெட்டி | மாலை 4:25
செய்ய. சிதைக்க இல்லை.

முப்பரிமாணி | மாலை 4:29
அந்தப் பட்டறைக்காரர்கள் சிதைத்ததால்தானே நீங்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

பழையபெட்டி | மாலை 4:40
அவர்களுக்கு அது அன்று கடையில் கிடைத்த சாதாரணப் பெட்டி. நமக்கு அப்படியா? இரண்டும் ஒன்றா?

அரைமில்லி | மாலை 5:15
சண்டை போட அவசியமே இல்லை. பான்தரில் பக்கத்துக்கு எட்டு சக்கர அச்சு, ஒவ்வொன்றிலும் இரண்டு சக்கரத் தட்டு. மொத்தம் 32. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்பதால் உள்ளே இருப்பவை வெளியே தெரியவே தெரியாது. ஒட்டுப்பசைக்கு வேண்டியதும் நடுவில் மூடி இல்லாத தட்டு. அதாவது மறைந்து நிற்கிற வகை. யாராவது ஏற்கெனவே கட்டிய 1/48 பான்தரின் உள்வரிசையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தால் டாங்கியும் நிற்கும், கப்பலும் பறக்கும்.

பழையபெட்டி | மாலை 6:50
...என்னிடம் ஒன்று இருக்கிறது. பெட்டி இல்லை, யாருடைய தயாரிப்பு என்றும் தெரியாது. முன்பு வைத்திருந்தவர் பசையை ஊற்றிக் கெடுத்தது. இப்போது உள்ளே இருப்பதில் ஒன்றை அளந்து பார்த்தேன்: 17.8. போல்ட் 16. ஒரு பக்கம் பசை வழிந்திருக்கிறது, மறுபக்கம் சுத்தம்.

தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள் தம்பி. பணம் வேண்டாம். ஆனால் கழற்றும்போது உடைந்தால் என்னைக் குறை சொல்லக்கூடாது. இந்த முறை பஞ்சு சுற்றிச் சின்ன டப்பாவில் போட்டு அனுப்புகிறேன்.

தண்டவாளம் | இரவு 7:12
கட்டாமல் வைப்பேன், கிழிக்க மாட்டேன் என்றவர் கழற்றிக் கொடுக்கிறார். நல்ல மனசு அண்ணே.

பழையபெட்டி | இரவு 7:15
அது ஏற்கெனவே செத்த கிட். அதை இதோடு சேர்க்காதீர்கள்.

அரைமில்லி | திங்கள், காலை 8:20
ஒட்டுப்பசை, முகவரி அனுப்பினீர்களா? ஞாயிறு பெயின்ட் என்ன ஆயிற்று?

அரைமில்லி | வியாழன், இரவு 9:05
ஒட்டுப்பசை?

ஸ்ப்ரூசாமி | வியாழன், இரவு 9:20
வேலை முடிந்தால் ஆள் காணாமல் போவது இங்கே புதிதா?

ஒட்டுப்பசை | பதினோரு நாள் கழித்து, இரவு 10:33
மன்னிக்கவும், ஊரில் ஒரு விசேஷம். சக்கரம் வந்தது. பழையபெட்டி அண்ணனுக்கு நன்றி. 0.3 மி.மீ. பெரிசாக இருக்கிறது என்று விளிம்பை லேசாகத் தேய்த்தேன், உட்கார்ந்துவிட்டது. பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. அதே செட்டில் நீளமாகக் குழாய் மாதிரி ஒரு பாகம் இருக்கிறது, படம் போட்டிருக்கிறேன். அது எந்தக் கிட்? அவசரம்.

அரைமில்லி | இரவு 10:40
மறுபடியும் போர்வையின் மேலேயா?

தண்டவாளம் | இரவு 10:41
லியோபோல்ட்.

ஸ்ப்ரூசாமி | இரவு 10:58
பெரிதாக்கிப் பார்த்தேன். சொல்லவே மனம் வரவில்லை. இந்த முறை அவர் சொல்வது சரி.