முதியவர் சொல்லும் கறுப்பு நாய்க் கதையை எப்படிக் காப்பாற்றி வைப்பது?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில் சஃபோக் கடலோரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். 91 வயது ஐயா ஒருவர், பண்ணையில் ஏர் உழுதவர், இரவுப் பணியில் என்னிடம் பிளாக் ஷக் என்கிற பேய் நாயின் கதை சொல்வார். அவருடைய அப்பா லாந்தரோடு வண்டியில் வரும்போது, கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கறுப்பு நாய் வேலியோரமாகவே கூட வந்ததாம், காலடிச் சத்தமே இல்லாமல். வண்டி இழுத்த சஃபோக் பஞ்ச் ரகக் குதிரை சட்டென்று நின்று வேர்த்துக் கொட்டியதாம். அந்த இடம் வந்ததும் ஐயா போர்வையைக் கடிவாளம் மாதிரி இரண்டு கையாலும் இழுத்துப் பிடிப்பார்.

எழுதி வைத்தேன். வாசித்தால் உயிரே இல்லை. அவர் 'ஹி கோ' என்றதை எல்லாம் 'ஹி கோஸ்' என்று திருத்தியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில் 1

முதலில் அந்தத் திருத்தங்களை எடுத்துவிடுங்கள், சகோதரி. 'ஹி கோ' பிழை இல்லை, சஃபோக் அடங்கிய கிழக்கு ஆங்கிலியா வட்டாரப் பேச்சின் இலக்கணமே அதுதான். வாய்மொழி வரலாற்றைத் தொகுத்த ஜார்ஜ் ஈவர்ட் எவன்ஸ் அதே சஃபோக்கில் பிளாக்ஸ்ஹால் கிராமத்து முதியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார். அவருடைய ஒலிநாடாக்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

1577 ஆகஸ்ட் 4 அன்று இடிமழையின்போது சஃபோக்கின் பங்கே ஊர்த் தேவாலயத்துக்குள் கறுப்பு நாய் புகுந்து இருவரைக் கொன்றது என்று ஏபிரகாம் ஃபிளெமிங் என்பவர் அந்தக் காலத்தில் எழுதி அச்சில் வந்த கதையைத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். பக்கத்துப் பிளைத்பர்க் ஊர்த் தேவாலயக் கதவின் கருகிய தழும்புகளைக் காட்டி அதன் நகக்கீறல் என்கிறார்கள். அதெல்லாம் அச்சில் பத்திரமாக இருக்கிறது. ஐயாவின் குதிரை நின்ற இடம் அவர் வாயில் மட்டும்தான் இருக்கிறது.

பதில் 2

போனில் பதிவு செய்யுங்கள். ஆனால் அவரும் குடும்பமும் எழுத்தில் சம்மதித்த பிறகுதான். இல்லத்து நிர்வாகத்துக்கும் தெரிய வேண்டும். நடுவில் குறுக்கிடாதீர்கள், அவர் மௌனத்தையும் வெட்டாதீர்கள். தேதி, எந்தச் சந்து, யார் யாரிடம் கேட்ட கதை, எல்லாம் குறிக்க வேண்டும். போர்வையை இழுப்பதையும் எழுதுங்கள், ஒலியில் அது வராது. பிரதி ஒன்றை இப்ஸ்விச்சில் சஃபோக் ஆவணக் காப்பகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

ரொம்ப நன்றி. நேற்று பதிவு முடிந்தது, 14 நிமிடம். வரைபடத்தை மடியில் விரித்தேன். ஒரு வளைவில் விரலை வைத்து, இங்கே குளம் இருந்தது, தூர்த்துவிட்டார்கள் என்றார். பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போட அவர் மகன் வந்தார். வயது அறுபதுக்கு மேல். பதிவைப் போட்டுக் காட்டினேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே முழுக்கக் கேட்டார். அந்தக் குதிரையின் பெயர் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கதையை மட்டும் அப்பா ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லையாம்.