மறு: பட்டருக்கு உருட்டுகோல் சரி, முனை தாழ்வதற்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோல்ஃபில் பந்து குழிக்கு அருகே வந்த பிறகு எடுக்கும் பட்டர் (putter) என்ற கோலுக்கு நான் தமிழ்ச்சொல் கேட்டதும் இடுகோல், தள்ளுகோல், தட்டுகோல், உருட்டுகோல் என்று நான்கு வந்தன. நான் உருட்டுகோலை எடுத்துக்கொள்கிறேன். பந்தை அடிக்க வேண்டும், தள்ளவோ வாரவோ கூடாது என்பது கோல்ஃப் விதி. அப்படியிருக்கத் தள்ளுகோல் என்றால் கருவியின் பெயரே விதியை மீறிவிடும். தட்டுவது எல்லாக் கோலுக்கும் பொது. இந்தக் கோல் ஒன்றுதான் பந்தை உருட்டுவதற்கென்றே செய்யப்படுவது. பந்து தன் எடையால் புல்லில் சற்று அமிழ்ந்து கிடக்கும். அதை அந்தப் பள்ளத்திலிருந்து கிளப்ப, கோலின் தலையில் பந்தைத் தொடும் முகம் 3 அல்லது 4 பாகை மட்டும் பின்னால் சாய்ந்திருக்கும். அடிபட்ட பந்து கொஞ்ச தூரம் வழுக்கிப் போய், பிறகு உருளத் தொடங்கும். அந்த வழுக்கலைக் குறைப்பதற்குத்தான் செய்பவர்கள் இத்தனை பாடுபடுகிறார்கள்.

இருவர் 'உருட்டுக்கோல்' என்று எழுதியிருந்தீர்கள். எழுதுகோல், ஊன்றுகோல் போல இதுவும் வினைத்தொகை, எனவே க் மிகாது. வளைந்த கோலைக் குறிக்கும் செண்டு என்ற பழஞ்சொல்லை நினைவூட்டியவருக்குத் தனியாக நன்றி. ஐயனார் கையில் இருப்பதும், திருவிளையாடல் கதையில் உக்கிரபாண்டியன் மேருமலையை அடித்ததும் செண்டுதான். ஆனால் இன்று செண்டு என்றால் கைக்குப் பூ வருகிறது, கோல் வருவதில்லை.

இனி என் உண்மையான சிக்கல். அளவு கொடுத்துச் செய்து வாங்கிய ஓர் உருட்டுகோலைப் பற்றித் தமிழில் ஒரு மதிப்பீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். (தையற்காரரிடம் சொல்வதுபோல 'அளவு கொடுத்துச் செய்தது' என்றே எழுதுகிறேன். 'தனிப்பயன்' என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது.) ஒரே கார்பன் எஃகுக் கட்டியிலிருந்து மில்லிங் செய்து (சுழலும் வெட்டுக்கருவியால் செதுக்கி), ஓரங்களை அரத்தால் ராவி, கையால் மெருகேற்றிய தலை. எடை 352 கிராம், தண்டோடு நீளம் 34 அங்குலம். வேலைப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. உள்மூலைகளில்கூடக் கருவித் தடம் இல்லை.

முதல் வரைவைக் கடைசல் பட்டறை வைத்திருக்கும் என் தம்பிக்கு அனுப்பினேன். "அண்ணா, ஒரே பக்கத்தில் மூன்று சாய்வு எழுதியிருக்கிறீர்கள். நான் எதை வளைக்க வேண்டும்?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. முகம் பின்னால் சாய்வது ஒன்று. தண்டு செங்குத்திலிருந்து விலகி நிற்பது இரண்டாவது. விதிப்படி உருட்டுகோலின் தண்டு குறைந்தது 10 பாகையாவது விலக வேண்டும். இவற்றை முகச்சாய்வு, தண்டுச்சாய்வு என்று பிரித்துவிடலாம். முகச்சாய்வுக்கு 'ஏற்றக்கோணம்' வேண்டாம், அது கணக்குப் புத்தகத்துக்குச் சொந்தமாகிவிட்டது.

மூன்றாவதுதான் கடினம். தண்டைக் கிடைமட்டமாக ஒரு விரல்மேல் வைத்து, தலை தன்போக்கில் திரும்ப விடுங்கள். சிலவற்றில் முகம் நேராக வானத்தைப் பார்த்து நிற்கும். சிலவற்றில் முனை, அதாவது தண்டுக்கு எட்ட இருக்கும் தலைநுனி, கீழ்நோக்கி இறங்கும். முகத்துக்கு எதிரே நின்று பார்க்கையில், தண்டின் அச்சுக் கோடு தலையின் எடைமையத்துக்கு நேராகப் போகிறதா, பக்கவாட்டில் விலகிப் போகிறதா என்பதே காரணம். கோலை நேர்கோட்டில் பின்னிழுத்து நேர்கோட்டில் அடிப்பவருக்கு முதல் வகையும், கீல்மேல் திரும்பும் கதவுபோல வளைவாக வீசுபவருக்கு இரண்டாம் வகையும் பொருந்தும் என்பது கோல் அமைப்பவர்களின் வழக்கமான கணக்கு. 1966இல் கோல் வடிவமைப்பாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் வரைந்த 'பிங் ஆன்சர்' என்ற உருட்டுகோலும் அதன் சாயலில் இன்றுவரை வந்துகொண்டிருக்கும் பெரும்பாலான கோல்களும் முனை இறங்குபவைதான். (அவருடைய முதல் கோலுக்கு, பந்தில் பட்டதும் எழுந்த 'பிங்' என்ற ஓசையே பெயரானது. பெயர்வைக்கும் நமக்கு அது நல்ல பாடம்.)

என் முன்மொழிவு: முனை இறங்குவது கோட்டம், இறங்காதது கோடாத்தலை. 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை' என்று குறள் சொல்வதும் ஒரு கோலைத்தானே. ஒரு பக்கம் சாயாமல் நிற்பதற்குக் கோடாமையைவிடப் பொருத்தமான சொல் என் அறிவுக்கு எட்டவில்லை.

அன்புடன்

---

> என் முன்மொழிவு: முனை இறங்குவது கோட்டம், இறங்காதது கோடாத்தலை.

வணக்கம் ஐயா. சொல் அழகானது, ஆனால் ஏற்க முடியவில்லை. வள்ளுவர் கோட்டம் நினைவுக்கு வரும் என்பதற்காகச் சொல்லவில்லை, அது இடம்பார்த்து விளங்கிவிடும். கோடுதல் தமிழில் ஒரு குற்றம். செங்கோல் கோடினால் கொடுங்கோல். கோடாமை சான்றோர்க்கு அணி என்றால் கோடியது யாருக்கு அணி? முனை இறங்குவது குறையன்று, வளைவாக வீசுபவருக்கு அதுவே தேவை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மதிப்பீட்டில் புழங்கப்போகும் சொல் படிப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 'தாழ்வு' என்று முடியும் எதுவும் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

கண்ணால் காண்பதையே பெயராக வைப்போம். முனை இறங்குவது முனையிறக்கம். முகம் வானத்தைப் பார்ப்பது வான்முகம். முனையிறக்கத்தைப் பாகையில் சொல்லலாம்: வான்முகம் என்றால் 0, முனை நேர்கீழே பார்த்தால் 90.

இன்னொன்று. பந்து பட்டால் தலை திரும்பாத அந்த இடத்துக்கு, sweet spot என்பதை அப்படியே பெயர்த்த 'இனியபுள்ளி' வேண்டவே வேண்டாம். அங்கே இனிப்பு எதுவும் இல்லை, தலை திருகாமல் இருக்கிறது, அவ்வளவுதான். திருகாப்புள்ளி எனலாமா?

---

அம்மா, வணக்கம்.

நீங்கள் சொல்வது சரி. குறளின் அழகில் மயங்கி, அது அறத்தைப் பேசுகிறது என்பதை மறந்துவிட்டேன். கோட்டத்தைக் கைவிடுகிறேன். வான்முகத்தைக் கேட்டவுடன், விளக்கம் கேட்காமலே கோலை விரல்மேல் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

திருகாப்புள்ளி எனக்கு உடனே பயன்பட்டது. என் கோலில் எனக்கிருந்த ஒரே மனக்குறை அங்கேதான். கோலைப் பிடியருகே இரு விரலால் தொங்கவிட்டு, முகத்தைக் குதிப்பக்கத்திலிருந்து (தண்டுக்குக் கிட்ட உள்ள பக்கம்) முனைப்பக்கமாக ஒரு பென்சிலால் தட்டிக்கொண்டே போனால், ஓரிடத்தில் தலை திருகாமல் நேராகப் பின்வாங்கும். அந்த இடம், குறிபார்ப்பதற்காகத் தலையின் மேலே வெட்டியிருக்கும் குறிக்கோட்டுக்கு நேராக இல்லை. 3 மில்லிமீட்டர் குதிப்பக்கம் தள்ளி இருக்கிறது. கோட்டை நம்பி அடித்தால் ஒவ்வொரு முறையும் முனைப்பக்கமாகவே அடிக்கிறேன், பந்து குழிக்கு முன்பே நின்றுவிடுகிறது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் ஏறக்குறைய 43. இவ்வளவு அகலமான குழிக்கு எனக்குத் திசை பெரும்பாலும் தவறுவதில்லை, தூரம்தான் தவறுகிறது. அத்தனை நுணுக்கமாக ராவத் தெரிந்த கைக்கு, கோட்டை வெட்டுமுன் ஒருமுறை தட்டிப் பார்க்கவும் தெரிந்திருக்கும். செய்தவரிடம் சொல்லியிருக்கிறேன், கோட்டை நிரப்பிவிட்டு மறுபடி வெட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

திருகலை எதிர்க்கும் தன்மைக்கு 'நிலைமத் திருப்புத்திறன்' என்ற பாடநூல் சொல் இருக்கிறது. இலங்கை நண்பர்கள் நிலைமத்தைச் சடத்துவம் என்பார்கள். இரண்டையும் தொட வேண்டாம், மதிப்பீட்டில் 'திருகெதிர்ப்பு' என்று எழுதிவிட்டு நகர்கிறேன்.

திருத்திய வரி இது: "முகச்சாய்வு 3 பாகை, தண்டுச்சாய்வு 20 பாகை, முனையிறக்கம் 40 பாகை. திருகாப்புள்ளி குறிக்கோட்டிலிருந்து 3 மில்லிமீட்டர் குதிப்பக்கம்."

தண்டும் தலையும் சேரும் வளைந்த பகுதியை ஆட்டக்காரர்கள் கழுத்து என்றே சொல்கிறார்கள், நானும் அப்படியே விட்டிருக்கிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?