புதுப்பிப்பு: இருபது ஆண்டுகளுக்குப் பின் பகடை உருட்டியாயிற்று

சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 1990களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு) இரண்டாம் பதிப்பு ஆடியவன், இப்போது ஐந்தாம் பதிப்பு ஆடும் இளைஞர்களோடு சேர்ந்தால் தாக்குப்பிடிப்பேனா என்று. "துணிந்து போங்கள் அண்ணா" என்று எழுதியவர்களுக்கு நன்றி. போய்விட்டேன்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நண்பர் வீட்டுக் கார் ஷெட், ஞாயிறு மாலை, ஐந்து பேர். மேசை நடுவில் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு. கறிக்குழம்பு விரலோடு கதாபாத்திரத் தாளைத் தொட்டதில், நான் ஆடும் மந்திரவாதியின் வலிமை எண் மஞ்சளாகிவிட்டது. எப்படியும் அது பெருமைப்படும் எண் இல்லை.

தடுமாறியது ஒரே இடத்தில்தான். எங்கள் காலத்தில் கவச எண் (ஒருவரைத் தாக்குவது எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) குறையக் குறையத்தான் பாதுகாப்பு. தாக்கோ எண்ணிலிருந்து (கவச எண் பூஜ்யமான எதிரியைத் தாக்க உருட்ட வேண்டியது) எதிரியின் கவச எண்ணைக் கழித்து, வரும் விடையையோ அதற்கு மேலோ உருட்ட வேண்டும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே இதைத் தலைகீழாக்கிவிட்டார்கள்: கவச எண் கூடக் கூடப் பாதுகாப்பு, உருட்டிய எண்ணோடு நம் தாக்குதல் எண்ணைக் கூட்டி அதை எட்ட வேண்டும். நான் பழக்கதோஷத்தில் கழித்துக்கொண்டிருக்க, நண்பரின் மகள், "மாமா, கூட்டினால் போதும்" என்றாள்.

ஐந்தாம் பதிப்பில் எனக்குப் பிடித்தது சாதக விதி: நிலைமை நமக்குச் சாதகமாக இருந்தால், இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். இது அன்றே இருந்திருந்தால் என் பழைய வீரர்களில் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள்.

எட்டு மணிக்கு மின்சாரம் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை, கைபேசி வெளிச்சத்திலேயே நிலவறைக் கதவின் பூட்டை உடைத்தோம். உள்ளே என்ன என்பது அடுத்த ஞாயிறுதான் தெரியும். அன்று பன்னி சௌ வாங்குவது என் முறை.