குதிரைமசால் (அல்பால்பா) தீவனப் பயிரை இலை உதிராமல் உலர்த்துவது எப்படி?

வணக்கம். திருகோணமலை, தம்பலகாமம். அரை ஏக்கர் மேட்டுக்காணி, மணல் கலந்த மண், பிஎச் 6.8. மாரி முடிந்து தை கடைசியில் குதிரைமசால் விதைக்க யோசனை: 4 கிலோ விதை, அரை அங்குல ஆழம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், அதனால் மேட்டுப்பாத்தி.

சிக்கல் உலர்த்தலில்தான். பத்தில் ஒரு செடி பூத்ததும் வெட்டினாலும், கச்சான் காற்றில் தண்டு காய முதல் இலை உதிர்ந்துவிடும், சத்து இலையில்தானே. விடியப்புறப் பனி ஈரத்தோடு புரட்டினால் போதுமா, நிழலில் உலர்த்தவா? ஈரப்பதம் 20 வீதத்துக்கு மேல் இருக்கக் கட்டினால் பூஞ்சணம் பிடித்து, கட்டும் சூடேறும். கட்டுவதற்கு ஏற்ற 15 வீத ஈரப்பதத்தைக் கருவி இல்லாமல் எப்படிக் கணிக்கிறீர்கள்? கினிப்புல்லில் தண்டை முறித்துப் பார்க்கலாம், இதில் அதை நம்பமுடியாது.

ரைசோபியம் (வேர் முடிச்சில் நைதரசனைப் பிடித்துத்தரும் பக்டீரியா) கலந்த விதை கிழக்கில் எங்கே எடுக்கலாம்?