கிரீஸின் கிரீட் தீவில், தெற்குக் கரையில் டென்ட் போட்டவர்கள், உங்களை விடாமல் துரத்தும் ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கடற்காற்று

சமரியா மலையிடுக்கில் இறங்கியவர்களுக்கு அதன் வாயில் கடலோரமாக இருக்கும் ஆயியா ரூமேலி ஊரைத் தெரியும், விவரிக்கவில்லை. மேல்முனையான க்ஸிலோஸ்காலோவில் 1,200 மீட்டருக்கு மேலே தொடங்கி 16 கிலோமீட்டர் கல்லிலேயே நடந்து வந்திருந்தோம். மாலைக் கடைசிப் படகில் கூட்டம் போய்விட்டது. ஊரைத் தாண்டிக் கூழாங்கல் கரையில் நானும் நண்பனும் டென்ட் போட்டோம். இலை அசையவில்லை.

நள்ளிரவுக்கு மேல் மலையிடுக்கின் வாயிலிருந்து காற்று வந்தது. வீசியது என்று சொல்ல மாட்டேன், மேலேயிருந்து விழுந்தது. கம்பி வளைந்து துணி முகத்தில் ஒட்டியது. வெளியே டார்ச் வெளிச்சம். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர், கறுப்புச் சட்டை, விளிம்பில் முடிச்சு முடிச்சாகத் தொங்கும் கறுப்புத் தலைத்துணி. "காத்தோ, காத்தோ" என்று கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். கிரேக்கத்தில் கீழே இறக்கு என்கிறார் என்று எங்களுக்குப் பிடிபடுவதற்குள் அவரே கம்பிகளை உருவிவிட்டார். டென்டைத் தரையோடு படுக்கவைத்து மூலைக்கு ஒரு பெரிய கல்லைத் தூக்கி வைத்தார். எங்களை ஒரு கல்சுவரின் மறைவில் உட்காரவைத்துவிட்டு இருட்டில் போய்விட்டார்.

காலையில் சாப்பாட்டுக் கடைகளில் அடையாளம் சொல்லிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவர் யார், அந்த நேரத்தில் அங்கே எதற்கு வந்தார்? ஒரு நன்றி சொல்லியிருந்தால் இப்போது இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மலைநடை

எனக்கும் சமரியாதான், ஆனால் மேலே, பழைய ஊர் இருந்த இடத்தில். 1962ல் தேசியப் பூங்கா ஆனபோது காலி செய்த வீடுகள் இன்னும் நிற்கின்றன இல்லையா, அங்கே. நிழலில் உட்கார்ந்திருந்தேன். கிரி-கிரி என்ற காட்டாடு ஒன்று சுவர்மேல் வந்து நின்றது. பின்னோக்கி வளைந்த கொம்பு, கழுத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. கையை நீட்டினால் தொடலாம். நான் மூச்சே விடவில்லை. பக்கத்தில் ஒருவர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். அந்தச் சத்தம் கேட்டதும் ஆடு சுவரிலிருந்து குதித்து நேரே அவர் மடிக்கு வந்தது. காவலர் விசில் ஊதி விரட்டினார்.

அந்த ஒலிக்குப் பழகிவிட்டது என்பதுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. இந்த ஆட்டைக் காப்பாற்றத்தான் பூங்காவே வந்தது. நம் ஆட்கள் போனால் தயவுசெய்து எதுவும் கொடுக்காதீர்கள்.

பாறைவாசி

மலைநடை, ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கிரி-கிரி ஆதியிலிருந்தே அந்தத் தீவில் இருந்த விலங்கு இல்லை. புதிய கற்காலத்தில் குடியேறியவர்கள் கடல்வழியாகக் கொண்டுவந்த ஆடுகள் மலைக்குத் தப்பிப்போய் உருவான இனம் என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் முடிவு. உணவு கொடுக்கக்கூடாது என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து வீட்டு ஆடுகளோடு கலப்பது. அதை யாரும் பேசுவதில்லை.

கடற்காற்று தம்பிக்கு: கிரீஸில் அங்கீகரித்த முகாம்களுக்கு வெளியே டென்ட் போடுவது சட்டப்படி தடை. தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்கவே முடியாது. காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். அது கிரீட்டின் வெள்ளை மலைகளில் ஏறி, தெற்குச் சரிவில் இடுக்குகள் வழியாக வேகம் கூடி இறங்கும். கடல் கண்ணாடியாகக் கிடக்கிறது என்று நம்பக்கூடாது. மலைமுகட்டில் மேகம் ஒட்டிக்கொண்டு நின்றால் இரவில் காற்று உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையிடுக்கின் வாய்க்கு நேரே எப்போதும் படுக்காதீர்கள். மணலிலும் கூழாங்கல்லிலும் முளை நிற்காது. பையில் கல் நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்ட வேண்டும். மெசாரா வளைகுடா, ரெதிம்னோ பக்கம் கரையில் கடலாமை முட்டையிடும். அங்கே இரவில் டார்ச்சும் வேண்டாம். வெயில் காலத்தில் அடுப்பு பற்றவைக்கவே வேண்டாம், ஒரு பொறி போதும். அவசரம் என்றால் 112.

என் அனுபவம் சின்னது. அராதேனா என்ற இன்னொரு மலையிடுக்கில், பாலத்துக்குக் கீழே படுத்திருந்தேன். விடியும்போது ஒரு கழுகு என் மேலேயே வட்டமிட்டது, இறந்துவிட்டேனா என்று பார்க்க வந்ததைப் போல. நான் எழுந்து உட்கார்ந்ததும் போய்விட்டது.

கடற்காற்று

அண்ணா, சட்டம் சரி. ஆனால் நான் கேட்டது கயிறு கட்டும் முறை இல்லை. அந்தப் பெரியவர் யார் என்றுதான் கேட்டேன்.

வடகரை

பைபிளில் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம் படித்தவர்களுக்குக் கிலவுதா தெரியும், பவுலின் கப்பல் புயலில் ஒதுங்கிய தீவு. இன்று அதன் பெயர் காவ்தோஸ், ஐரோப்பாவின் தெற்கு முனை. அங்கே சாரகினிகோ கடற்கரையில் தங்கலாம் என்று படகுக்குப் போனேன். காற்று ஏறிவிட்டது, படகு இல்லை. சுற்றுலாக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே காபிக்கடைக்குப் போனார்கள்.

படகுத்துறையில் ஓர் அம்மா மட்டும் நகரவில்லை. மடியில் மருந்துக்கடைப் பை. தீவில் படுத்திருக்கும் தன் தாய்க்கு என்று ஜாடையில் சொன்னார். மறுநாளும் படகு இல்லை. மறுநாளும் அதே இடத்தில் அதே பையோடு இருந்தார். நான் விமானத்துக்கு நேரமாகிக் கிளம்பிவிட்டேன். அந்தப் பை எப்போது போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. காவ்தோஸைச் சொர்க்கம் என்று எழுதுகிறவர்கள், அங்கே குளிர்காலத்திலும் இருக்கும் அந்தக் கொஞ்சம் பேருக்கு எல்லாமே படகில்தான் வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மலைநடை

பாறைவாசி அண்ணா, கலப்பு விஷயம் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் எட்டாயிரம் வருஷமாக அந்த மலையில் இருக்கும் ஆட்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் வேண்டும், ஊர்க்காரன் ஆவதற்கு?

கடற்காற்று, உங்கள் பெரியவர் மேய்ப்பராக இருக்கலாம். காற்றடிக்கும் இரவில் ஆடுகளைப் பார்க்க இறங்கியிருப்பார். கடைகளில் கேட்டதால்தான் தெரியவில்லை, அங்கே வேலை செய்கிறவர்கள் பலர் கோடைக்கு மட்டும் வருகிறவர்கள். மலையிடுக்கு மே மாதம் திறக்கும், நான் போகிறேன். தலைத்துணி, உயரம், எந்தச் சுவர், எல்லாம் தனிச்செய்தியில் எழுதுங்கள். ஆடு வைத்திருக்கிற வீடுகளில் விசாரித்துவிட்டு இங்கேயே சொல்கிறேன்.